வடசென்னைச் சாலைகளில் ஐ20 என்-லைன்: இந்த வரிசைக்கு அடுத்த தலைமுறை உண்டா?

ஹூண்டாய் ஐ20 என்-லைன் காரை நான் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. மேனுவல் கியர் கொண்ட, என்8 என்ற உயர்நிலை வகை. இதுவரை 24,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தூரம், தண்டையார்பேட்டையிலுள்ள என் வீட்டுக்கும் மணலியில் நான் வேலை பார்க்கும் இடத்துக்கும் இடையே, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடியது. மீதி, ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே புறப்பட்டு ஜிஎன்டி சாலையில் வடக்கே சென்று திரும்பிய தூரம். இந்த வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களைவிட, "இதை இன்னும் எத்தனை நாள் விற்பார்கள், இப்போது வாங்கலாமா?" என்று கேட்பவர்களே அண்மைக்காலமாக அதிகம். எனவே இந்த மதிப்புரை வண்டியின் குணத்தோடு அதன் எதிர்காலத்தைப் பற்றியும் பேசுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஐந்து பேர் அமரக்கூடிய, 3,995 மில்லிமீட்டர் நீளமுள்ள, பின்பக்கமே கதவாகத் திறக்கும் ஹேட்ச்பேக். ஆனால் பத்து லட்சத்தை ஒட்டிய விலையில், ஓட்டுவதன் இன்பத்துக்காகவே வாங்கக்கூடிய வண்டி எது என்று நம் ஊரில் ஒருவர் தேடினால், அவருக்குக் கிடைப்பது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி வலுவைக் கூட்டும் டர்போ கொண்ட இத்தகைய ஹேட்ச்பேக்தான். நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து வேகத்தை நேசிப்பவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்பது இதுவே.

ஹூண்டாயின் வேகக் கார் பிரிவைக் குறிக்கும் 'என்' என்னும் ஆங்கில எழுத்துக்கு இரண்டு ஊர்களின் பெயர்களைக் காரணமாகச் சொல்கிறது நிறுவனம். ஒன்று, கொரியாவில் அதன் ஆராய்ச்சி மையம் இருக்கும் நாம்யாங். மற்றொன்று, வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தடம். முழுமையான 'என்' என்ற பெயரைத் தாங்கிய ஐ20, 1.6 லிட்டர் டர்போ எஞ்சினும் 204 குதிரைத்திறனும் கொண்டது. அது இந்தியாவுக்கு வரவேயில்லை, ஐரோப்பாவிலும் 2024-இல் விடைபெற்றுவிட்டது. நமக்குக் கிடைத்தது ஒரு படி கீழே இருக்கும் 'என்-லைன்': 998 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், வழக்கமான ஐ20-ஐவிட இறுக்கமாக அமைக்கப்பட்ட சஸ்பென்ஷன், பின்னால் இரட்டைக் குழல் சைலன்சர்.

எண்களைப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த 172 நியூட்டன் மீட்டரும் 1,500 ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) முழுமையாகக் கிடைத்து 4,000 வரை குறையாமல் நிற்கிறது என்பதுதான் இந்த எஞ்சினின் உண்மையான செய்தி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்து, முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்கள் விலகி, கிடைக்கும் சிறிய இடைவெளியில் இரண்டாம் கியரில் வண்டியை நகர்த்தும்போது அந்தக் கீழ்மட்ட இழுவிசை எவ்வளவு பெரிய வசதி என்பது தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர்களின் வரிசையைக் கடக்க வேண்டியிருக்கும்போது, மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி தயங்காமல் முன்னே செல்கிறது. 1,500-க்குக் கீழே மட்டும் எஞ்சின் சோர்ந்திருக்கும். அதைப் பழகிக்கொண்டால் போதும்.

மேனுவல் கியரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த வண்டியின் கதையே அதில்தான் இருக்கிறது. 2021 செப்டம்பரில் என்-லைன் முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தபோது, அதில் க்ளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியரும், ஏழு கியர் கொண்ட இரட்டைக் க்ளட்ச் ஆட்டோமேட்டிக்கும்தான் இருந்தன. ஐஎம்டியில் கியரைக் கையால் மாற்றலாம், ஆனால் காலுக்கு வேலை இல்லை. ஓட்டுவதற்காக வண்டி வாங்குபவர்களுக்கு அது அரைகுறைச் சாப்பாடாகவே பட்டது. 2023 செப்டம்பரில் வந்த புதுப்பிப்பில் ஐஎம்டியை நீக்கிவிட்டு, ஆறு கியர் கொண்ட முறையான மேனுவலைக் கொடுத்தார்கள். தொடக்க விலையும் பத்து லட்சத்துக்குள், 9.99 லட்சம் என்று நின்றது. அந்த ஒரு மாற்றம்தான் என்னை ஷோரூமுக்கு அழைத்துச் சென்றது. கியர் நெம்புகோல் குறுகிய தூரமே நகர்கிறது, க்ளட்ச் கனமாக இல்லை, மாலை நேர நெரிசலில் மணலியிலிருந்து வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆனாலும் இடது கால் வலிப்பதில்லை. இரட்டைக் க்ளட்ச் ஆட்டோமேட்டிக் வேகமாகக் கியர் மாற்றும் என்பது உண்மை. எனினும் அது எண்ணெயில் மூழ்காத உலர் க்ளட்ச் வகை. அங்குலம் அங்குலமாக ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் அவ்வகைக் க்ளட்ச் சூடேறுவது அதன் அமைப்பிலேயே உள்ள இயல்பு. நம் பகுதியில் அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு மேனுவலையே பரிந்துரைப்பேன்.

சஸ்பென்ஷன் இறுக்கமானது என்றேன். குண்டும் குழியுமான சாலையில் சிறு பள்ளங்கள் இருக்கைவரை வந்து சேரும். பின்னிருக்கையில் அமரும் என் அம்மா, "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறையாவது சொல்வார். ஆனால் அந்த இறுக்கத்துக்குப் பலன் உண்டு. மாதவரத்தைத் தாண்டி, புழல், செங்குன்றம், பாடியநல்லூர் வழியாக நெடுஞ்சாலையில் ஏறியதும், வண்டி சாலையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கிறது. மேம்பால வளைவுகளில் உடல் சாய்வது குறைவு, பெரிய மேட்டைக் கடந்ததும் ஒரே அசைவில் அமைதியடைகிறது. பிரேக் மிதியின் உணர்வு நம்பிக்கையளிக்கிறது. ஸ்டியரிங் மட்டும், வேகம் கூடும்போது கனத்தாலும், முன்சக்கரத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பதைக் கைக்கு முழுவதும் சொல்வதில்லை; மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங்குகள் பலவற்றிலும் இருக்கும் குறைதான் இது. அடுத்த தலைமுறை ஒன்று வருமானால், நான் முதலில் கேட்கும் திருத்தம் இதுவாகவே இருக்கும்.

இந்த வண்டியில் 195/55 அளவிலான 16 அங்குல டயர்கள் உள்ளன. பக்கச் சுவர் உயரம் குறைந்த இத்தகைய டயர்களுக்கு நம் சாலைகள் கடுமையான சோதனை. கடந்த மழைக்காலத்தில், தண்ணீர் தேங்கி மறைந்திருந்த பள்ளம் ஒன்றில் இடது முன்சக்கரம் இறங்கி, டயரின் பக்கச் சுவர் புடைத்துக்கொண்டது. அருகிலிருந்த கடை ஒன்றில், "இதே அளவுதான் சார்" என்று சொல்லி, தயாரித்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்ட டயரை மாட்டிவிட்டார்கள். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இந்த வண்டி வாங்குபவர்கள் டயர் மாற்றும்போது அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மைலேஜ் நகரத்துக்குள் லிட்டருக்கு 11 முதல் 12 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டாமல் சென்றால் 17 கிடைக்கிறது. உள்ளே சிவப்புத் தையல், போஸ் ஒலிபெருக்கிகள், ஆறு ஏர்பேக்குகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி விளம்பரத் தாளிலேயே படித்துக்கொள்ளலாம்.

என் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் பெரும்பாலும் சோழவரத்தில் முடிவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல பத்தாண்டுகள், எண்பதுகளின் பிற்பகுதிவரை, கார் பந்தயங்களையும் பைக் பந்தயங்களையும் நடத்தியது. என் அப்பா இளவயதில் நண்பர்களோடு வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய் அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர். வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையே பிரித்து மாற்றி, பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பலர் என்று அவர் சொல்வார். கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயனின் தொடக்கக் காலப் பந்தயங்கள் அத்தகைய கார்களில்தான் நடந்தன. பின்னர் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரமான பந்தயத்தடத்தை அமைத்துக்கொண்டது. என் ஐ20 பிறந்த தொழிற்சாலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. ஒரே ஊரில் பந்தயத்தடமும், நாட்டின் மிகப் பெரிய கார் தொழிற்சாலைகளில் ஒன்றும் அமைந்திருக்கும்போது, அங்கு உருவாகும் எளிய விலை ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக் நம் ஊரின் மரபுக்கு உரியது என்று எனக்குத் தோன்றுகிறது. இதன் எதிர்காலத்தைப் பற்றி நான் இவ்வளவு அக்கறைப்படுவதற்கும் அதுவே காரணம்.

கவலைக்கு இடமில்லாமலும் இல்லை. இந்த ஐ20 மூன்றாம் தலைமுறை. இந்தியாவில் 2020 நவம்பரில் வெளியானது. முதல் ஐ20 2008-இன் இறுதியிலும், எலைட் ஐ20 2014-லும் வந்தன. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மாறிவந்த வரிசை என்பதால், இப்போதைய வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதை மறுக்க முடியாது. இதற்கு முன் இதே பாதையில் வந்தவற்றின் கதியைப் பார்த்தால் கவலை இன்னும் கூடும். ஃபியட் 2015-இல் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோவைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் கார்களே இங்கு இல்லாமல் போயின. மாருதியின் பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்து மூன்று ஆண்டுகளுக்குள் மறைந்தது. இவை எல்லாவற்றிலும் அதிகம் நேசிக்கப்பட்டது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் வந்த அது, போலோ வரிசையே 2022-இல் நிறுத்தப்படும் வரை, ஏறத்தாழ அதே உடலோடு நின்றது. உலகின் மற்ற இடங்களில் 2017-இலேயே புதிய போலோ வந்துவிட்டது. ஆனால் அது நான்கு மீட்டரைத் தாண்டிய நீளம் கொண்டது. நான்கு மீட்டருக்குள் இருந்தால் குறைந்த வரி, தாண்டினால் கூடுதல் வரி என்ற நம் நாட்டு விதியின்முன், அந்தச் சில சென்டிமீட்டர்கள் ஒரு சுவராக நின்றன. இங்கு சாகும் ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக்குகள் ரசிகர்கள் இல்லாமல் சாவதில்லை. குறைவாக விற்கும் வகையொன்றுக்காக ஒவ்வொரு முறையும் மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்கேற்ப எஞ்சினை மீண்டும் சீர்செய்து சான்றிதழ் பெறும் செலவை எந்த நிறுவனமும் நீண்டகாலம் தாங்குவதில்லை.

ஐ20 என்-லைன் இதுவரை தப்பித்திருப்பது எப்படி என்று யோசித்தால் ஒரு விஷயம் புலப்படும். 2023 புதுப்பிப்பின்போது வழக்கமான ஐ20-இல் இருந்த டர்போ எஞ்சினை எடுத்துவிட்டு, 1.2 லிட்டர் எஞ்சினை மட்டும் விட்டார்கள். டர்போ வேண்டுமென்றால் என்-லைன்தான் வாங்க வேண்டும் என்றானது. அதே ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் ஹூண்டாயின் சிறிய எஸ்யூவியான வென்யூவிலும் இருக்கிறது. வென்யூ நன்றாக விற்கிற வண்டி. எஞ்சினுக்கான செலவை அது சுமக்கிறது. நம் ஹேட்ச்பேக் அதன் நிழலில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. இதில் பாதுகாப்பும் உண்டு, ஆபத்தும் உண்டு. உதிரிபாகங்களுக்குப் பல ஆண்டுகள் தட்டுப்பாடு வராது என்பது பாதுகாப்பு. வென்யூவுக்கு என்-லைன் 2022-லும், க்ரெட்டாவுக்கு 160 குதிரைத்திறன் எஞ்சினோடு 2024-லும் வந்துவிட்ட நிலையில், 'என்' என்ற எழுத்தைக் காப்பாற்ற ஹேட்ச்பேக் தேவையில்லை என்று நிறுவனம் முடிவெடுக்கக்கூடும் என்பது ஆபத்து. உலக அளவில் 'என்' பிரிவின் கவனமும் ஐயானிக் 5 என் போன்ற மின்சாரக் கார்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. இத்தனைக்கும் 2024 உலக ராலி சாம்பியன் பட்டத்தை பெல்ஜியத்தின் தியரி நூவில் வென்றது ஐ20 என் ராலி1 காரில்தான். உலகப் பட்டம் வென்ற பெயரைச் சுமக்கும் வண்டிக்குச் சாலையில் ஓடும் வாரிசு இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை தருகிற செய்தியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 29 சதவீதம். 998 சிசியும் 3,995 மில்லிமீட்டரும் கொண்ட என்-லைனுக்கு இந்தச் சலுகை முழுமையாகக் கிடைக்கிறது. போலோவைக் கொன்ற அதே நான்கு மீட்டர் விதி இந்த வண்டிக்குத் துணையாக நிற்கிறது. போட்டியும் இல்லாமல் இருக்கவில்லை; 2024 ஜூனில் டாடா 120 குதிரைத்திறன் கொண்ட ஆல்ட்ரோஸ் ரேசரை மேனுவல் கியரோடு கொண்டுவந்தது, இந்தப் பிரிவில் வாங்க இன்னும் ஆள் இருக்கிறது என்பதை அந்த நிறுவனமும் நம்பியதைக் காட்டியது.

அடுத்த தலைமுறைக்கு 204 குதிரைத்திறன் வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த எஞ்சின் 1.6 லிட்டர், 1,200 சிசி எல்லையைத் தாண்டியதும் வரி ஏறி, விலை இருபது லட்சத்தை நோக்கிப் போய்விடும். அப்போது அது நம்மைப் போன்றவர்களின் வண்டியாக இருக்காது. ஃபோக்ஸ்வாகன் 2025-இல் இறக்குமதி செய்து விற்ற கோல்ஃப் ஜிடிஐயின் விலை 50 லட்சத்துக்கு மேல். அது அருமையான கார், ஆனால் அதைக் கொண்டு இந்த வரிசை வாழாது. எனக்கு வேண்டியவை சிலவே. இதே ஒரு லிட்டர் எஞ்சின் இருக்கட்டும், முடிந்தால் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கூடட்டும். க்ளட்ச் பெடல் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. ஸ்டியரிங் சாலையைக் கைக்குச் சொல்ல வேண்டும். தொடக்க வகையின் விலை பத்து லட்சத்தைத் தாண்டாமல் நிற்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்த வரம்பு தமிழ்நாட்டில் வாங்குபவர்களுக்கு மிகவும் முக்கியம். 2023-இல் திருத்தப்பட்ட வாழ்நாள் சாலை வரியின்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது வரை 18 சதவீதம். ஷோரூம் விலையில் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் வரியெல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் அரை லட்சம் வித்தியாசம் வந்துவிடும். நான் என்8 வாங்கியது ஒலிபெருக்கிக்கு ஆசைப்பட்டு. இன்று வாங்குவதாக இருந்தால் தொடக்க வகையான என்6 மேனுவலை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர்களைப் போட்டிருப்பேன். எஞ்சினும் சஸ்பென்ஷனும் பிரேக்கும் இரண்டிலும் ஒன்றே.

வாங்கிய பிறகு வடசென்னையில் இதைப் பராமரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பும், அனல்மின் நிலையங்களின் பக்கத்துச் சாம்பல் தூசியும் சேர்ந்து வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் செய்கிறேன். வாங்கியவுடன் அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சும் போட்டுவிட்டேன். காற்று வடிகட்டியைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றுகிறேன், ஏனெனில் டர்போ எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், தூசி அதற்குப் பகை. எங்கள் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுண்டு: "தம்பி, ஹைவேல ஓட்டிட்டு வந்தா உடனே ஆஃப் பண்ணாதீங்க. ஒரு நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் சாவியைத் தொடுங்க." சூடான டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் அதன் பேரிங் கெடும் என்பதால் அவர் சொன்னது சரியே. என் வண்டியில் சாவி கிடையாது, பொத்தான்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை நான் தவறவிட்டதில்லை.

இப்போது வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், மேனுவல் வேண்டுபவர்கள் காத்திருக்க வேண்டாம் என்பதே. புதிய தலைமுறை வந்தால் அதில் கூடுதல் திரைகளும் வசதிகளும் நிச்சயம் இருக்கும். க்ளட்ச் பெடல் இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆட்டோமேட்டிக் போதும் என்பவர்கள் பொறுத்திருந்து பார்க்கலாம், அவர்களுக்குத் தேர்வுகள் குறையப்போவதில்லை.

சென்ற மாதம் என் அப்பாவை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு சோழவரம் போய், காரனோடைப் பாலம் வரை சென்று திரும்பினேன். நெடுஞ்சாலையில் ஏறி மூன்றாம் கியரிலிருந்து நான்குக்கு மாற்றியபோது அவர் கியர் நெம்புகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கொடுத்துடாதப்பா, வெச்சிக்கோ" என்றார். வாரண்டியை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்க அந்த வாரமே பணம் கட்டிவிட்டேன்.